தோலுக்கும் ஓய்வு வேண்டும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

உழைப்பவருக்கு ஓய்வு வேண்டும் என்பதை உலகம் ஒப்புக்கொண்டு வெகு காலமாகிறது. ஏர் இழுக்கும் மாட்டுக்குக்கூட மாட்டுப் பொங்கலன்று வேலை இல்லை. ஓடுகின்ற எந்திரத்தையும் சூடு தணியும்வரை நிறுத்தி வைக்கிறோம். ஆனால் பிறந்த நாள் முதல் வெயிலையும் மழையையும் தூசியையும் கிருமியையும் தாங்கி நிற்கும் நம் தோலைப் பற்றி என்றாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? வளர்ந்த மனிதர் ஒருவரின் தோலை விரித்தால் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும் என்று உடலியல் நூல்கள் கூறுகின்றன. அதில் ஓர் உள்ளங்கை அளவு கெட்டுப்போனால் ஒரு குடும்பமே நிலைகுலையும் என்பதைக் கடந்த ஓராண்டில் எங்கள் வீட்டில் கண்டேன்.

நான் எழுதப் போகும் பொருள் வீட்டுத் திண்ணையில் உரக்கப் பேசப்படாத பொருள். வயிற்றில் துளையிட்டு அதன்மேல் பை ஒட்டிக்கொண்டு வாழ்பவர்களின் தோலைப் பற்றியது அது. "எழுதட்டுமா?" என்று அப்பாவைக் கேட்டேன். "எழுதுப்பா, நாலு பேருக்குப் பிரயோசனமா இருந்தா சரி" என்றார். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

வயிற்றில் ஒரு வாய்

உணவு இரைப்பையிலிருந்து சிறுகுடல், பெருங்குடல் வழியாகச் சென்று கழிவாக வெளியேறுகிறது. புற்றுநோய், அடைப்பு, துளை, காயம் ஆகியவற்றால் அந்தப் பாதை பழுதாகும்போது, அறுவை மருத்துவர் குடலின் ஒரு பகுதியை வயிற்றுச் சுவரின் வழியே வெளியே கொண்டுவந்து தைத்து விடுகிறார். அந்தத் திறப்புக்கு ஸ்டோமா என்று பெயர். கிரேக்க மொழியில் ஸ்டோமா என்றால் 'வாய்' என்று பொருள். பெருங்குடலைத் திறந்தால் கொலாஸ்டமி. சிறுகுடலின் கடைப்பகுதியைத் திறந்தால் இலியாஸ்டமி. சிறுநீருக்கு வழி செய்தால் யூராஸ்டமி. சிலருக்கு இது சில மாதங்களுக்கு மட்டும். சிலருக்கு வாழ்நாள் முழுவதும்.

நம் கன்னத்தின் உட்புறம் எப்படிச் சிவந்து ஈரமாக இருக்கிறதோ அப்படித்தான் ஸ்டோமாவும் இருக்கும். அதைத் தொட்டால் வலிக்காது. வலியை உணரும் நரம்புகள் அங்கே இல்லை. வலி எல்லாம் அதைச் சுற்றியுள்ள தோலுக்குத்தான். ஸ்டோமாவுக்குத் திறந்து மூடும் தசையும் இல்லை. ஆகவே கழிவு எப்போது வரும் என்று சொல்ல இயலாது. பை எந்நேரமும் ஒட்டியிருக்க வேண்டியதாகிறது.

கொலாஸ்டமியில், அதுவும் பெருங்குடலின் கடைப்பகுதியில் திறந்திருந்தால், கழிவு ஓரளவு கெட்டியாக வரும். இலியாஸ்டமியிலோ நீர்த்து வரும். அதில் உணவைச் செரிக்க வைக்கும் நொதிகள் இன்னும் வேலை செய்துகொண்டே இருக்கும். புரதத்தைச் சிதைப்பது அந்த நொதிகளில் சிலவற்றின் தொழில். தோலும் புரதத்தால் ஆனதுதானே! இது இட்லியின் உளுந்து, இது மனிதனின் தோல் என்று நொதிக்கு வேறுபாடு தெரியாது.

கடந்து வந்த பாதை

1793 ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் பிரெஸ்ட் நகரில் துய்ரே என்ற மருத்துவர், மலத்துவாரம் இல்லாமல் பிறந்த மூன்று நாள் குழந்தைக்குக் கொலாஸ்டமி செய்தார். அக்குழந்தை வளர்ந்து 45 வயது வரை வாழ்ந்ததாக மருத்துவ வரலாறு சொல்கிறது. அந்நாளில் ஒட்டும் பை கிடையாது. துணியும் பஞ்சுமே துணை. அந்த மனிதரின் தோல் எத்தனை துன்பம் கண்டிருக்குமோ!

1952 ஆம் ஆண்டு இதில் ஒரு திருப்புமுனை எனலாம். இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிரையன் புரூக் என்ற அறுவை மருத்துவர், சிறுகுடலின் நுனியைச் சட்டைக் கையை மடிப்பதுபோல் வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். குடல் முனை தோல் மட்டத்திலிருந்து சற்று உயர்ந்து நிற்பதால் கழிவு தோலில் வழியாமல் நேரே பைக்குள் விழுந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரூபர்ட் டர்ன்புல் என்ற மருத்துவர், கராயா பிசின் ஈரமான தோலிலும் ஒட்டிப் புண்ணைக் காக்கும் என்று கண்டார். அந்தப் பிசின் நம் இந்திய நாட்டு வறண்ட மலைக்காடுகளில் வளரும் மரத்தில் வடிவது! மலைவாழ் மக்கள் வெட்டிச் சேகரித்த பிசின் கடல் கடந்து சென்று நோயாளிகளின் தோலைக் காத்திருக்கிறது. டர்ன்புல்லிடம் இலியாஸ்டமி செய்துகொண்ட நார்மா கில் என்ற பெண்மணியே 1958 முதல் அவருடன் சேர்ந்து மற்ற நோயாளிகளுக்குப் பராமரிப்பு கற்பிக்கத் தொடங்கினார். துன்பப்பட்டவரே ஆசிரியரானார்.

1954 இல் டென்மார்க் நாட்டுச் செவிலியர் எலிசே சோரென்சன், ஸ்டோமா வைத்த தன் தங்கை வெளியே செல்லவே அஞ்சுவதைக் கண்டு, தோலில் ஒட்டிக்கொண்டு பயன்படுத்தியபின் எறிந்துவிடக்கூடிய பையை உருவாக்க முனைந்தார். இன்று நாம் காணும் பைகளின் தாய் அதுதான். இன்றைய ஒட்டுத் தகடுகளில் பெக்டின், ஜெலாட்டின், கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் போன்ற பொருள்கள் கலந்திருக்கின்றன. அவை வியர்வையைச் சிறிது உறிஞ்சிக்கொண்டு தோலைக் காக்கின்றன.

எங்கள் வீட்டுத் தறி

என் அப்பா பட்டு நெசவாளி. ஆரணிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டின் முன்கூடத்தில் குழித்தறி. என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. பாவு முடியட்டும், பாவு முடியட்டும் என்று மூன்று வாரம் மாத்திரையை விழுங்கிக்கொண்டே தறியில் உட்கார்ந்தார். ஒரு நாள் இரவு வயிறு பலகைபோல் விறைத்துக்கொண்டது. டைபாய்டு முற்றிச் சிறுகுடலில் துளை விழுந்துவிட்டது என்றார்கள். இரவோடிரவாக அரசு மருத்துவமனையில் அறுவை செய்து இலியாஸ்டமி வைத்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் அறுவைக்குக் கடன் வாங்க நேரவில்லை. உயிர் மீண்டது. "உடம்பு தேறட்டும், ரத்தம் ஊறட்டும், சுத்தியுள்ள தோல் நல்லா ஆகட்டும். அப்புறம் குடலை உள்ளே வெச்சு மூடிடலாம்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

குழித்தறியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கும்போது, நெய்த துணி சுற்றிக்கொள்ளும் படமரம் நெசவாளியின் வயிற்றருகே இருக்கும். குனிந்து குனிந்து நிமிரும் வேலை. பை கழன்றால் கழிவு விழுவது எங்கே? மாதக்கணக்காக நெய்த பட்டுச் சேலையின் மேல். முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்கு இரண்டு சேலை பாக்கி இருந்தது. அந்த அச்சத்தில் அப்பா தறிப்பக்கமே போகவில்லை. தறியின் ஓசை நின்ற வீடு எப்படி இருக்கும் என்பதை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள்.

வீடு வந்து ஆறு வாரத்தில் தோல் புண்ணாகத் தொடங்கியது. புண்ணான தோலில் நீர் கசியும். ஈரத்தில் தகடு ஒட்டாது. ஒட்டாததால் கழிவு உள்ளே புகும். புகுந்ததால் புண் பெருகும். செக்குமாடு சுற்றுவதுபோல் இது சுற்றிச் சுற்றி வந்தது. மூன்று நான்கு நாள் ஒட்டியிருக்க வேண்டிய பை ஒரு நாள்கூட நிற்கவில்லை. அப்பாவின் ஒரு நாள் கூலியில் பெரும்பங்கு ஒரு பைக்கே போயிற்று.

எங்கள் ஆயா ஒரு வழி சொன்னாள்: "பையக் கழட்டிப் போட்டுட்டு ரெண்டு நாளு காத்தாட உடுடா. எந்தப் புண்ணும் காத்துப் பட்டாத்தான் ஆறும்." அப்பாவுக்கும் அது சரியென்று பட்டது, பைச் செலவும் மிச்சம். பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றில் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். இரண்டாம் நாள் காலையில் துணியை எடுத்தபோது புண் இரண்டு பங்காகியிருந்தது. "நெருப்ப வெச்சு கட்டின மாதிரி இருக்குப்பா" என்றார். என் அப்பா வலியென்று வாய்விட்டுச் சொன்னதை நான் கேட்டது அன்றுதான்.

ஆயா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஈரம் உலர்வது தோலுக்கு நல்லதே. ஆனால் இலியாஸ்டமியின் கழிவு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டருக்கு மேலும் வரும். துணி அதை உறிஞ்சி அங்கேயே வைத்திருக்கும். நொதிகளில் ஊறிய துணி தோலின்மேல் இரண்டு நாள் கிடந்தால், அதைக் காற்றாட விட்டதாகக் கொள்ள முடியுமா?

வளையம் சொன்ன செய்தி

மறுநாள் அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே ஸ்டோமா பராமரிப்பில் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். அவர் புண்ணைப் பார்த்ததும் மருந்து எதுவும் எடுக்கவில்லை. "பையை எந்த அளவுக்கு வெட்டுறீங்க ஐயா?" என்று கேட்டார். அறுவை முடிந்த நாளில் கொடுத்த அளவுத் தாளை அப்பா பத்திரமாக மடித்து வைத்திருந்தார். அதில் வட்டத்தின் குறுக்களவு 40 மில்லிமீட்டர். செவிலியர் புதிதாக அளந்தார். ஸ்டோமா 30 மில்லிமீட்டர்தான் இருந்தது.

அறுவைக்குப் பிறகு ஸ்டோமா வீங்கியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் சுருங்கி நிலைக்கு வரும். அதனால் அந்நாள்களில் வாரம் ஒரு முறை அளந்து, தகட்டின் துளையை ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும் என்றார். நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். 20 மில்லிமீட்டர் ஆர வட்டத்திலிருந்து 15 மில்லிமீட்டர் ஆர வட்டத்தைக் கழித்தால் ஏறத்தாழ ஐந்தரைச் சதுர சென்டிமீட்டர். அந்த வளையம் அளவு தோல் இரவும் பகலும் கழிவில் நனைந்திருக்கிறது. புண் தொடங்கியதும் அதே வளைய வடிவில்தான்!

"தம்பி, புண்ணோட வடிவமே காரணத்தைச் சொல்லும்" என்று அவர் விளக்கினார். ஸ்டோமாவை ஒட்டி வளையமாகவோ ஒரு பக்கம் வழிந்த தடமாகவோ சிவந்திருந்தால் கசிவு காரணம். தகடு ஒட்டிய இடம் முழுவதும் அதே சதுரத்திலோ வட்டத்திலோ சிவந்து அரித்தால் ஒட்டுப் பொருள் ஒவ்வாமை. மயிர்க்கால்களில் மட்டும் சிறு கொப்புளம் என்றால் முடி பிடுங்கப்பட்டதால் வந்தது. சிவந்த திட்டைச் சுற்றிச் சிறு புள்ளிகள் சிதறி அரிப்பெடுத்தால் பூஞ்சை. நம் ஊர் வியர்வைக்கு அது எளிதில் வரும். காரணம் மாறினால் மருந்தும் மாறும். காற்றாட விடுவதால் மட்டும் இவையெல்லாம் தீர்ந்துவிடா.

அவர் சொன்ன இன்னொரு செய்தி எனக்குப் புதுமையாக இருந்தது. நன்றாக இருக்கும் தோலுக்குப் பையிலிருந்து ஓய்வே தேவையில்லை. கசியாத தகடு தோலுக்குப் பகையன்று, காவல். பகை கசிவுதான். ஆகவே புண்பட்ட தோலுக்குத் தரும் ஓய்வும் நாள் கணக்கில் இருக்கக் கூடாது. நிமிடக் கணக்கில் இருக்க வேண்டும்.

கால் மணி நேர ஓய்வு

அன்றுமுதல் எங்கள் வீட்டில் பை மாற்றும் நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கியது. முந்தின இரவு அப்பா ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுவார். காலையில் காப்பிகூடக் குடிக்கும் முன் குடல் ஓரளவு அடங்கியிருக்கும். ஓய்வுக்கு அதுவே நல்ல நேரம்.

பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் துணியிட்டு அப்பா மல்லாந்து படுப்பார். ஒரு கையால் தோலை அமுக்கிக்கொண்டு, ஈரத் துணியால் நனைத்தவாறே தகட்டை மேலிருந்து கீழாக மெல்ல உரிப்பேன். வெடுக்கென்று இழுத்தால் தோலின் மேற்படலமும் கூடவே வந்துவிடும். உரித்த தகட்டின் பின்புறத்தைப் பார்ப்போம். எந்தப் பக்கம் கரைந்திருக்கிறதோ அந்தப் பக்கம் கசிவு.

பிறகு வெதுவெதுப்பான வெறும் நீரால் கழுவுவோம். சோப்பு வேண்டாம் என்று செவிலியர் சொன்னதன் காரணம் எனக்கு ஆய்வகத்தில் விளங்கியது. குளியல் சோப்புக் கரைசலில் சிவப்பு லிட்மஸ் நீலமாகும், அதன் பி.எச். 9 முதல் 10 வரை. நலமான தோலின் பி.எச். ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை. அந்த இலேசான அமிலத்தன்மையே கிருமிகளைத் தடுக்கும் அரண். சோப்பு அரணைக் குலைக்கிறது. ஸ்பிரிட், கிருமிநாசினி ஆகியவை புண்ணை எரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவினாலோ தகடு ஒட்டவே ஒட்டாது.

கழுவியபின் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, காஸ் துணியைச் சுருட்டி ஸ்டோமாவின் வாயில் வைப்போம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது கசிவை இழுத்துக்கொள்ளும், நனைந்ததும் மாற்றிவிடுவோம். அந்த நிலையில் பதினைந்து நிமிடம் மின்விசிறிக் காற்று. அதுதான் தோலின் ஓய்வு. அப்பா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். சில நாள் என்னிடம் கல்லூரிப் பாடம் பற்றிக் கேட்பார். அதற்கு முன்பு நாங்கள் இருவரும் அவ்வளவு பேசியதில்லை.

ஓய்வு முடிந்ததும் ஈரம் கசியும் இடத்தில் மட்டும் ஸ்டோமா பவுடரைத் தூவி, மிகுந்ததைத் தட்டிவிடுவோம். தூள் அதிகம் இருந்தாலும் தகடு ஒட்டாது. புதிதாக அளந்து வெட்டிய தகட்டை உள்ளங்கைகளுக்கிடையே வைத்துச் சூடேற்றி ஒட்டி, ஓரிரு நிமிடம் கையால் அழுத்திப் பிடிப்போம். பையில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் கழித்துவிட வேண்டும். கனத்தால் அதுவே தகட்டைப் பிரித்துவிடும்.

எல்லாருக்கும் இந்த ஓய்வு ஒன்றுபோல் அமையாது. கொலாஸ்டமி உள்ளவர்களில் சிலர் மருத்துவரின் ஒப்புதலோடு நீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறையைக் கற்றுக்கொண்டால், ஒரு நாளோ அதற்கு மேலோ கழிவு வராது. அவர்கள் சிறு மூடி மட்டும் அணிந்து நடமாடலாம். யூராஸ்டமியிலோ சிறுநீர் சொட்டிக்கொண்டே இருப்பதால் சில நிமிட ஓய்வே கிடைக்கும்.

சிக்கனமும் செலவும்

பை கசியத் தொடங்கியபின்னும் "இன்னும் ஒரு நாள் தாங்கும்" என்று பஞ்சை வைத்து அடைப்பது ஏழை வீடுகளில் நடக்கிறது. அந்த ஒரு நாள் மிச்சம் பத்து நாள் புண்ணாக முடிகிறது. பிறகு நாளுக்கு ஒரு பை தேவைப்படுகிறது. அரிப்போ எரிச்சலோ தெரிந்த உடனே மாற்றுவதுதான் உண்மையான சிக்கனம். எங்கள் கணக்கு நோட்டில் ஒரே மாதத்தில் இது தெரிந்தது. சரியான அளவில் வெட்டத் தொடங்கியபின் பை முதலில் இரண்டு நாள் நின்றது. பிறகு மூன்று நாள். இப்போது நான்கு நாள். புண் மூன்றே வாரத்தில் உலர்ந்து புதுத் தோல் மூடியது.

இலியாஸ்டமி உள்ளவர்கள் நீரையும் உப்பையும் நிறைய இழக்கிறார்கள். அப்பா உப்பிட்ட கஞ்சியும் மோரும் குடிப்பார். சோறும் வாழைப்பழமும் தயிரும் கழிவைச் சற்றுக் கெட்டியாக்குகின்றன. கெட்டியானால் கசிவும் குறைகிறது. கழிவு நாளுக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலோ, தலை சுற்றி நாக்கு வறண்டாலோ, ஸ்டோமாவின் நிறம் கறுத்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தை மாதத்தில் அப்பா மீண்டும் தறியில் உட்கார்ந்தார். வயிற்றுக்கும் படமரத்துக்கும் இடையே மடித்த துண்டு ஒன்று. ஒரு மணிக்கொரு தரம் எழுந்து பையைப் பார்த்துக்கொள்வார். பாக்கியிருந்த சேலைகளில் ஒன்று முடிந்துவிட்டது. அதில் ஒரு சொட்டுக் கறை இல்லை. தோல் தேறிவிட்டது, ரத்தம் இன்னும் சற்று ஊற வேண்டும், அதன்பின் குடலை உள்ளே வைத்து மூட நாள் குறிப்போம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். காத்திருக்கிறோம்.

மாணவ நண்பர்களுக்கு

நாம் படிக்கும் நொதிகளும் பி.எச். அளவும் வட்டத்தின் பரப்பும் தேர்வுத் தாளோடு முடிந்துவிடும் பாடங்கள் அல்ல. பைப் பெட்டிக்குள் இருந்த துண்டுத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டினேன். அடுத்த தெருவில் புற்றுநோய் அறுவைக்குப் பின் நிரந்தரமாகப் பை வைத்திருக்கும் அம்மையார் ஒருவர், ஓராண்டாகக் கோயில் திருவிழாவுக்கும் உறவினர் திருமணத்துக்கும் போகாமல் இருந்தவர், தம் மகளை அனுப்பி அதைப் படியெடுத்துச் சென்றார். என் படிப்பு பிறர்க்குப் பயன்பட்ட முதல் நாள் அதுவே.

உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். பேருந்தில் உங்கள் அருகே அமர்ந்திருப்பவராகவும் இருக்கலாம். வெளியே தெரியாது. தெரிய நேர்ந்தால் முகம் சுளிக்காதீர்கள், மூக்கைப் பொத்தாதீர்கள். 1993 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை அக்டோபர் மாதத்தின் முதல் சனிக்கிழமையை உலக ஆஸ்டமி நாளாகக் கொண்டாடுகிறார்கள். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் இரத்த தானத்தோடும் கண் பரிசோதனையோடும் இதைப் பற்றியும் பத்து நிமிடம் பேச ஏற்பாடு செய்யலாம். அளவுகாட்டி அட்டை ஒன்று, வளைந்த கத்தரிக்கோல் ஒன்று, தமிழில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு ஒன்று. இவற்றைக் கொடுத்து, எப்படி அளப்பது என்று காட்டிவிட்டால் போதும். எத்தனையோ வீடுகளில் நின்றுபோன தறியும் ஏரும் தையல் எந்திரமும் மீண்டும் ஓடத் தொடங்கும்.